பொத்தானும் உதவியாளரும்

அலுவலகத்திலே இயங்கும் மென்பொருளை ஆக்குபவர் ஒருவர். அதனோடு நாள்தோறும் மல்லாடுபவர் இன்னொருவர். கணக்குப் பதியும் எழுதுவினைஞருக்குத் திரையிலே ஒரு கட்டம் கூடுதலாக வேண்டுமாயின், நிபுணருக்கு விண்ணப்பித்துக் காத்திருத்தல் வேண்டும். அன்றேல் இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றல் வேண்டும். பயன்படுத்துவோர் தாமே திருத்திக்கொள்ள வழியில்லையா?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இயங்கிய செரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் அலன் மக்லீன் முதலியோர் இதற்கு ஒரு வழி கண்டு, 1990ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். அவர்கள் திரையிலே பொத்தான்களை அமைத்தனர். ஒவ்வொன்றினுள்ளும் ஒரு வேலைக்குரிய கட்டளைகள் அடங்கியிருந்தன. கணினி நுட்பம் அறியாதவரும் பொத்தானை அழுத்தலாம், இடம் மாற்றலாம், நகல் எடுக்கலாம். சற்றுத் துணிந்தவர் உள்ளிருக்கும் விபரங்களை மாற்றலாம். வல்லவரோ லிஸ்ப் என்னும் கணினி மொழியிலமைந்த கட்டளையையே திருத்தி எழுதலாம். படி சிறிதாயின் ஏறுவதற்கு அச்சம் குறையுமன்றோ!

ஒருவர் திருத்திய பொத்தானை மின்னஞ்சலில் மற்றவருக்கு அனுப்பவும் முடிந்தது. எனினும், நேயர்களே, கருவி மாத்திரம் போதவில்லை. பணியாளரின் குறையைக் கேட்டறிந்து, வேண்டியதைச் செய்து கொடுத்து, நிரல் எழுதுவோருக்கும் எடுத்துரைக்கும் உதவியாளர் ஒருவர் அருகிலேயே வேண்டும் என்பதை அவ்வாய்வாளர் கண்டனர். அதே ஆண்டில் வெண்டி மக்கே என்னும் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வும் இத்தகையோரின் பங்கை எடுத்துக்காட்டிற்று. அவர்கள் நுட்பத்தில் யாவரினும் வல்லவர்களல்லர். சக ஊழியரின் தேவையை விளங்கிக்கொண்டவர்கள்.

கருவியைப் பெருவிலை கொடுத்து வாங்கும் முகாமையாளர், இந்த உதவியாளருக்கு நாளில் ஒரு மணிநேரமேனும் ஒதுக்க மறந்துவிடுவதுண்டு.