உயிரும் மெய்யும்: இல்லத்தில் இசை கேட்பது குறித்து

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய மேடையில் ஸ்பீக்கரைப் பற்றியும் ஆம்ப்ளிஃபையரைப் பற்றியும் பேச ஒருவன் எழுந்து நிற்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் பேச வந்த பொருள் உங்களுடையதே. ஒரு கவிதையில் விவரம் எவ்வளவு வேண்டும், எந்த எல்லைவரை அது உணர்ச்சிக்குத் துணையாகும், எந்த இடத்தில் தடையாகும் என்று இந்த வட்டத்தில் எத்தனையோ மாலைகள் வாதிட்டிருக்கிறோம். அதே வழக்குத்தான் இல்லத்தில் இசை கேட்போரிடையேயும் நடக்கிறது. அங்கும் இரு கட்சிகள் உண்டு. பாடகர் மூச்சிழுப்பதும், வில் தந்தியைத் தொடுவதும், அரங்கின் பின்வரிசையில் எழும் இருமலும் கேட்க வேண்டும் என்பது நுட்பக் கட்சி. அவையெல்லாம் எதற்கு, பாட்டு இனிமையாக ஒலித்தால் போதும் என்பது இன்பக் கட்சி.

இது பொழுதுபோகாதவர்களின் சண்டை என்று தள்ளிவிட முடியாது. பலர் அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தைக் கொட்டிச் சிறந்த கருவிகள் என்று பெயர்பெற்றவற்றை வாங்குகிறார்கள். சில மாதங்களில் அவர்கள் கேட்கும் பாடல்களின் எண்ணிக்கை குறையத் தொடங்குகிறது. பழைய இசைத்தட்டுகளில் இரைச்சல் அதிகம் என்று ஒதுக்குகிறார்கள். வானொலிப் பதிவுகளில் கூர்மை இல்லை என்று ஒதுக்குகிறார்கள். இறுதியில், கருவிக்குப் பொருந்தும் பத்துப் பன்னிரண்டு தட்டுகளே சுழன்றுகொண்டிருக்கின்றன. பாட்டுக்காக வாங்கிய கருவி, எந்தப் பாட்டைக் கேட்கலாம் என்று தீர்ப்பளிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஒரு வீட்டில் இது நேர்ந்தால், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தலைமுறையின் இசையே கிடைக்காமற் போகிறது. ஆகவேதான் இதை இன்று பேசத் துணிந்தேன்.

இந்த வழக்கைத் தீர்க்க நம் இலக்கணமே ஒரு நல்ல சொல்லைத் தந்திருக்கிறது. எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தார்கள் நம் முன்னோர். பாட்டில் சுரம் ஏறி நிற்பது பெரும்பாலும் உயிரொலியின்மேல். ஆகாரத்தில் ஆலாபனை செய்யலாம். ககர ஒற்றை நீட்டி எவராலும் ஆலாபனை செய்ய இயலாது. ஒலியியல் கணக்கும் இதற்கு ஒத்தே வருகிறது. பேச்சின் ஆற்றலில் பெரும்பகுதி உயிரொலிகளில், ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே தங்கியிருக்கிறது. வல்லின வெடிப்பும் சகரத்தின் உரசலும் ஆற்றலில் மிக மெலிந்தவை; அதிர்வெண்ணில் உயர்ந்தவை. ஆனால் சொல்லைச் சொல்லாக அறியச் செய்பவை அவைதாம். சுருங்கச் சொன்னால், இன்பம் பெரிதும் உயிரில் இருக்கிறது. தெளிவு பெரிதும் மெய்யில் இருக்கிறது. இரண்டும் கூடிய உயிர்மெய்தான் பாட்டு. நல்ல கருவி என்பது இவ்விரண்டையும் அவை பிறந்த அளவிலேயே கொண்டுவந்து சேர்ப்பது.

பிழை இரு பக்கமும் நேரும். இன்பக் கட்சியார் விரும்பும் சில கருவிகளில் கீழ்த்தாயி ஒலிகள் பருத்து, மேல் ஒலிகள் மழுங்கியிருக்கும். முதலில் கேட்கக் கதகதப்பாக இருக்கும். மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று அறையை நிறைக்கும். ஆனால் பாடகர் பாடியது லகரமா ளகரமா ழகரமா என்று தெரியாது. சாகித்தியம் போய்விட்ட பாட்டைக் கேட்டு நெஞ்சு உருகுவது கவிஞர்களுக்கு எப்படி இயலும்?

மறுபக்கத்துப் பிழை இன்னும் நயமானது. ஏனெனில் அது நுட்பத்தின் வேடத்தில் வருகிறது. மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் கேட்பதில்லை. 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் அது மிகக் கூர்மையானது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட வரைகோடுகள் இதை விளக்கின. ஒரு ஸ்பீக்கர் இந்தப் பகுதியையும் இதற்கு மேலுள்ள பகுதியையும் சற்றே தூக்கிக் கொடுத்தால் போதும்; கடையில் நின்று கேட்பவர், "இதுவரை கேளாத நுட்பமெல்லாம் கேட்கிறதே" என்று மகிழ்ந்துபோவார். உண்மையில் புதிதாக எதுவும் வெளிப்படவில்லை. இருந்ததன் ஒரு பகுதி உரத்துச் சொல்லப்பட்டது, அவ்வளவே. வீட்டுக்குக் கொண்டுவந்து அரைமணி நேரம் கேட்டால் செவி களைக்கும். ஏன் களைத்தது என்று தெரியாமல் எழுந்து போய்விடுவோம்.

கடையில் நேரும் இன்னொரு மயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரு கருவிகளை ஒப்பிடும்போது ஒன்று ஒரு டெசிபல் அளவே கூடுதலாக ஒலித்தாலும், அது உரத்து ஒலிப்பதாக நமக்குத் தோன்றாது. தெளிவாக ஒலிப்பதாகத் தோன்றும். ஆகையால் ஒலியளவைச் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீட்டில் பொருள் இல்லை.

அப்படியானால் மெய்யான நுட்பம் எது? தம்புராவை எடுத்துக்கொள்வோம். குதிரையின்மேல், தந்திக்கு அடியில், ஒரு சிறு நூலை வைத்து நகர்த்திச் சரிசெய்கிறார்கள். அந்த நூல் சரியான இடத்தில் நின்றதும் ஒரே தந்தியிலிருந்து மேலொலிகள் அடுக்கடுக்காக மலர்கின்றன. மழுங்கிய கருவியில் தம்புரா மறைந்துபோகிறது. கூர் தீட்டிய கருவியில் அது வண்டுபோல் பாடகருக்கு முன்னே வந்து ரீங்கரிக்கிறது. செம்மையான கருவியில் அது பாடகருக்குப் பின்னே தங்கி, அவர் பிடிக்கும் காந்தாரம் எங்கே நிற்கிறது என்று அளக்கும் தரையாகிறது. மூன்றாவதில்தான் தம்புராவின் விவரம் மிகுதியாகக் கேட்கிறது. அங்கேதான் அது நம் கவனத்தை இழுக்காமலும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் நிகழ்வதை நண்பர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். உண்மையான நுட்பம் கூடக் கூட இசை எளிதாகிறது. கேட்பது கடினமானால், கூடியது வேறு ஏதோ ஒன்று.

பொறியாளர்கள் சிலர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். பிரிட்டனின் பிபிசி நிறுவனத்தார் தங்கள் ஸ்பீக்கர்களைச் சோதிக்க மனிதக் குரலைத் துணைக்கொண்டார்கள். ஒலிப்பதிவு அறையில் ஒருவர் பேசுவதை நேரில் கேட்பது, உடனே அடுத்த அறையில் அதையே ஸ்பீக்கர் வழியே கேட்பது என்று மாறி மாறி ஒப்பிட்டார்கள். வெளியிட ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970களில் அவர்கள் உருவாக்கிய எல்எஸ் 3/5ஏ என்பது ஓரடி உயரமேயுள்ள சிறு பெட்டி. அதில் ஆழ்ந்த கீழொலி வராது. ஆனால் குரல் ஒல்லியாகிவிடாதபடி, மேற்கீழொலிப் பகுதியில் ஒரு சிறு மேட்டை வைத்திருந்தார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது குறை. செவிக்கு அதுவே நிறைவு. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தப் பெட்டியைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஹண்டிங்டன் நகரில் பீட்டர் வாக்கர் என்பவர் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட குவாட் மின்நிலையியல் ஸ்பீக்கர் வேறொரு வழியில் சென்றது. கூம்புக்குப் பதிலாக மிக மெல்லிய படலம் ஒன்று மின்புலத்தில் அசைந்து ஒலி எழுப்பும். படலம் எடையற்றதுபோல் இருப்பதால் ஒலி தொடங்கவும் நிற்கவும் தயங்குவதில்லை. ஆழ்ந்த கீழொலியும் பேரோசையும் அதனிடம் இல்லை. ஆனால் குரலும் நரம்பிசையும் அதில் ஒலிக்கும் இயல்புக்கு இன்றுவரை அதை உரைகல்லாகச் சொல்பவர்கள் உண்டு. அதில் நுட்பம் வந்தது, ஒலி தேவைக்கு மேல் நீளாமையால். எதையும் மிகைப்படுத்தியதால் வரவில்லை. கவிதையில் சொற்செட்டு என்று நாம் சொல்வதற்கு இது மிக அருகில் நிற்கிறது.

இப்போது பழைய இசைத்தட்டுகளுக்கு வருகிறேன். முப்பது வயதை எட்டுமுன்பே 1933ஆம் ஆண்டில் மறைந்த கிட்டப்பா அவர்களின் குரல் நமக்கு நிமிடத்துக்கு 78 சுற்றுத் தட்டுகளின் வழியாகத்தான் வந்திருக்கிறது. டி. என். ராஜரத்தினம் பிள்ளை அவர்களின் தோடியையும் அத்தகைய தட்டுகளே வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அக்காலத் தட்டுகளில் 5000, 6000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை மிகக் குறைவு. தேய்ப்பிரைச்சலோ அங்கே நிறைய. மேலொலியைத் தூக்கிக் காட்டும் கருவி, பாட்டு இல்லாத இடத்தைப் பெருக்கி இரைச்சலையே நமக்குப் பரிமாறுகிறது. குற்றம் தட்டின்மேல் விழுகிறது. மறுபுறம், இரைச்சலைப் போக்குகிறோம் என்று மேலொலி முழுவதையும் வெட்டி வெளியிட்ட மறுபதிப்புகளும் உண்டு. அவற்றில் இரைச்சலோடு பாடகரின் ஒற்றெழுத்துகளும் போய்விடுகின்றன. திரிபு குறைந்த, சமநிலையுள்ள கருவியில் கேளுங்கள்: இரைச்சல் ஒரு திரைபோலத் தனியே நிற்கும், குரல் அதற்கு அப்பால் தெளிவாக நிற்கும். இரண்டொரு நிமிடங்களில் செவி திரையை மறந்துவிடும். புதிதாக ஒரு கருவி வாங்கப் போகிறவர்கள் கையில் ஒரு கிட்டப்பா பாட்டை எடுத்துச் செல்லட்டும். புதிய பதிவு எந்தக் கருவியிலும் பளபளக்கும். பழைய பதிவுதான் கருவியின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

எல்லா விவரமும் இசைக்குப் புறம்பானதா என்று கேட்கலாம். மேற்கத்திய இசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பியானோ மேதை க்ளென் கூல்ட், பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955ஆம் ஆண்டிலும் 1981ஆம் ஆண்டிலும் ஒலிப்பதிவு செய்தார். வாசிக்கும்போது தம்மையறியாமல் முனகிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். அந்த முனகல் பதிவிலும் கேட்கும். அது பியானோவோடு இழைந்து கேட்கும்போது, ஒரு மனிதர் தம் இசைக்குள் மூழ்கியிருப்பதை உணர்கிறோம். அதுவே தனித்துத் துருத்திக்கொண்டு கேட்டால், எழுந்துபோய் வாயை மூடச் சொல்லலாமா என்று தோன்றும். விவரம் ஒன்றே, அது நின்ற இடம் வேறு.

நடைமுறைக்கு உதவும் சில சொற்கள். கருவியை மாற்றுமுன் அறையைப் பாருங்கள். நம் வீடுகள் சிமெண்டுச் சுவரும் மொசைக் தரையுமாக இருப்பவை. நடுவில் நின்று கைதட்டினால் சுவர்களுக்கிடையே ஒலி படபடத்து அடங்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பத்தடி கூடுதலாகச் சுற்றிவரும் எதிரொலி நூறில் ஒரு நொடிக்குள் நேரொலியின் முதுகில் வந்து ஏறிக்கொள்கிறது. ஒற்றெழுத்தின் விளிம்பு கலைவது இதனால்தான். தரையில் ஒரு ஜமக்காளம், சாளரத்தில் கனத்த திரை, சுவரோரம் மேடும் பள்ளமுமாக நூல்கள் அடுக்கிய அலமாரி ஆகியவை பெரும் மாற்றம் செய்யும். கவிஞர்கள் வீட்டில் மூன்றாவதற்குப் பஞ்சமிராது. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே இழுத்து வையுங்கள். மூலையில் வைத்தால் கீழொலி வீங்கும். உயரொலி தரும் சிறு வட்டம் அமர்ந்தவரின் செவி மட்டத்தில் இருக்கட்டும். இரவில் தணிந்த அளவில் கேட்கையில் கீழொலி மெலிந்துபோவதாகத் தோன்றினால் அது செவியின் இயல்பு. பழைய ஆம்ப்ளிஃபையர்களில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது.

தேர்வு செய்யும்போது துணுக்குகளைக் கேட்காதீர்கள். ஆலாபனை தொடங்கித் தனி ஆவர்த்தனம் முடியும்வரை கேளுங்கள். பிறகு ஒருவர் கவிதை வாசிக்கும் பதிவைக் கேளுங்கள். நாம் நன்கறிந்த நண்பரின் குரலாயின் மிக நன்று. அக்குரலைப் பற்றி எந்த விளம்பரமும் நம்மை ஏமாற்ற முடியாது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்குகிறார். உலகில் அதைவிட நுணுக்கமான விவரப் பட்டியல் கவிதையில் அரிது. ஆயினும் அதைப் படிக்கும் எவரும் தாவரவியல் படிப்பதாக நினைப்பதில்லை. அம்மலர்களைப் பறித்துக் குவிக்கும் பெண்களின் விளையாட்டும், அடுத்து நிகழப்போகும் சந்திப்பும் அந்த அடுக்கினூடே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு பூவும் குறையவில்லை. ஒரு பூவும் நம்மை நிறுத்திவைக்கவில்லை. வீட்டில் வைக்கும் இசைக் கருவியிடமும் நாம் கேட்க வேண்டியது இதையே.

நம் வட்டத்து உறுப்பினர் வீடுகளின் பரண்களில் பழைய தட்டுகளும் ஒலிநாடாக்களும் தூசி படிந்து கிடக்கும். அவற்றை இறக்கித் துடைத்து, ஒரு முறையேனும் முழுமையாகக் கேட்டுப் பாருங்கள். அவற்றைக் கேட்க இடங்கொடுக்கும் கருவி, விலை எதுவாயினும், நல்ல கருவி.