ஸ்பீக்கர் அதிர்வும் கீழ் வீட்டுத் தூக்கமும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். அதிர்வைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று நினைப்பீர்கள். ஒரே தகுதிதான்: அதிர்வை உண்டாக்கியவனே நான்.

ஓய்வுப் பணத்தில் ஆசையாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினேன். சப்-வூஃபர் மட்டும் 25 கிலோ. காலை டிபன் முடிந்ததும் பழைய பாட்டு கேட்பேன். ராத்திரியில் தொடமாட்டேன், சட்டப்படி நடக்கிறேன் என்ற பெருமை வேறு. ஒரு நாள் கீழ் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். "அங்கிள், அவர் நைட் ஷிப்ட் முடிச்சு எட்டு மணிக்குத்தான் படுக்கறார். நேத்து மெஷின் முன்னாடி நிக்கும்போதே கண் அசந்துட்டாராம். பாட்டுகூட கேக்கலை அங்கிள், கட்டில்தான் அதிருது" என்றாள். சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அவள் கெஞ்சினாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் மூன்று ஷிப்ட். பலருக்குப் பகல்தான் இரவு. இன்னொன்று: இந்த 'ஏ' வகை டெசிபல் கணக்கு காதின் இயல்பை ஒட்டியது. 50 ஹெர்ட்ஸ் கனத்த ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் மீட்டர் காட்டும். மீட்டர் என்னை விடுவித்தாலும் கட்டில் ஆடத்தான் செய்யும்.

ஒலி கீழ் வீட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று காற்று. இன்னொன்று, பெட்டியின் அதிர்வு தரையில் இறங்கி, கான்கிரீட் வழியாகச் சுவருக்கும் கட்டிலுக்கும் போவது. அந்தப் பெண் சொன்னதில் இந்த இரண்டாவது வழிதான் பளிச்சென்று தெரிந்தது.

முதலில் நான் செய்தது தப்பு. கடைக்காரர் பேச்சைக் கேட்டு, பெட்டிக்கடியில் கூர்மையான இரும்புக் கால்கள் மாட்டினேன். அவை பெட்டி ஆடாமல் நிற்க உதவும். அதிர்வைத் தடுக்காது, தரையோடு இன்னும் இறுக்கமாகச் சேர்த்துவிடும். டைல்ஸில் கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

வழி நம் ஊரிலேயே இருக்கிறது. கார் எஞ்சினை உடம்போடு நேரே முறுக்கிவிடுவதில்லை. நடுவில் ரப்பர் மவுண்ட் வைக்கிறார்கள். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு 2020-இல் விட்ட மீட்டியார் 350 வண்டியில், எஞ்சினுக்குள்ளேயே பேலன்ஸர் ஷாஃப்ட் வைத்து அதிர்வைக் குறைத்தார்கள். ஆக, வேலை இரண்டு: பிறக்குமிடத்தில் குறை, போகும் வழியில் தடு.

வழியில் தடுப்பதற்கு ரப்பர் பேட். ஏதோ ஒரு ரப்பரைச் சொருகினால் போதாது. கனம் ஏறியதும் பேட் கொஞ்சம் அமுங்க வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அது கல்; முழுக்க நசுங்கிவிட்டாலும் கல்தான். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டர் அமுங்கினால் பேட்டின் சொந்த ஆட்டம் கணக்குப்படி வினாடிக்குச் சுமார் 16. 2 மில்லிமீட்டருக்குச் சுமார் 11. நிஜத்தில் ரப்பர் இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பாட்டின் அதிர்வெண் இந்த எண்ணைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் தடுப்பு நன்றாக வேலை செய்யும். இரண்டும் நெருங்கி வந்தால் அதிர்வு கூடவே செய்யும்.

நான் செய்தது இது. நான்கு மூலையிலும் ரப்பர் பேட். அதன்மேல் 2 அடிக்கு 2 அடி கிரானைட் பலகை. 18 மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 17 கிலோ வரும். அதன்மேல் சப்-வூஃபர். பலகை சுவரையோ ஷோகேஸையோ தொடக் கூடாது. ஓர் இடத்தில் தொட்டாலும் அதிர்வு அந்த வழியாக இறங்கிவிடும்.

பிறக்குமிடத்தில் குறைக்கக் காசே வேண்டாம். சுவர் மூலையில் வைத்தால் கனத்த ஒலி பெருகும். மூலையை விட்டு வெளியே இழுங்கள். சப்-வூஃபர் ஒலியைத் தனியாகக் குறையுங்கள். ஆம்ப்ளிஃபயரில் 'நைட் மோட்' இருந்தால் போடுங்கள். வெடிச் சத்தம் அடங்கும், வசனம் தெளிவாகக் கேட்கும்.

பலன் தெரிய, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் ஒரு தம்ளர் தண்ணீர் வையுங்கள். ஒரே பாட்டு, ஒரே ஒலி அளவு; முன்னும் பின்னும் அலையைப் பாருங்கள். அதைவிட நல்ல சோதனை, கீழ் வீட்டில் போய் நின்று கேட்பது. நான் போனேன். கட்டில் ஆட்டம் பெரும்பாலும் நின்றிருந்தது. ஆனால் காற்று வழியாக வரும் 'தும் தும்' மெல்லக் கேட்டது. அதற்கு ரப்பரில் மருந்தில்லை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை நீளமே எட்டரை மீட்டர். திரைச்சீலையும் ஜமக்காளமும் அதை என்ன செய்யும்?

அந்த மீதிக்கு மனிதர்தான் வழி. அந்தத் தம்பி வாரா வாரம் தன் ஷிப்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் போடுகிறார். நைட் ஷிப்ட் வாரத்தில் என் கச்சேரி மாலை 5 மணிக்கு. சில நாள் அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் கனமான ஸ்பீக்கர் இருந்தால், பேட் வாங்குமுன் ஒரு தடவை கீழே இறங்கிப் போய், "யார், எப்போது தூங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள்.