அரிவாள், சுத்தியல், ஆண்டவன் சித்தம்



படம் தொடங்கும் முன் சில விநாடிகள் தோன்றி மறையும் நிறுவன இலச்சினையைத்தான் இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றுள்ளும் என் மனத்தில் ஆழப் பதிந்த ஒன்றையே விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பம்பாய் மெஹ்பூப் புரொடக்ஷன்ஸின் இலச்சினை அது.

திரையில் அரிவாளும் சுத்தியலும் தெரியும். அவற்றோடு நிறுவனரின் பெயருக்குரிய ‘எம்’ என்ற எழுத்து. கூடவே கணீரென்ற குரலில் உருது ஈரடி ஒன்று ஒலிக்கும். இறைவன் சித்தத்தை மீறிப் பகைவரால் ஒன்றும் செய்துவிட முடியாது என்பது அதன் கருத்து. உழைப்பவரின் கருவிகள் கண்ணுக்கு, விதியின் உறுதி காதுக்கு. இரண்டும் ஒன்றோடொன்று மோதுமே என்று மெஹ்பூப் கான் தயங்கவில்லை. குஜராத்தின் பிலிமோரா பகுதியிலிருந்து பம்பாய்க்கு வந்து, மௌனப்பட நாளில் இம்பீரியல் கம்பெனியில் துணை நடிகராக நின்றவர் அவர். கம்யூனிஸ்ட் அல்லர், இறைநம்பிக்கை மிக்கவர். ஆனால் ‘ரோட்டி’ (1942) எடுத்தவருக்குப் பசியும் பணமும் எதிரெதிரே நிற்பது தெரியும். கருவியையும் கடவுளையும் ஒருசேர நம்பித்தான் நம் நாட்டு உழவர் வயலில் இறங்குகிறார். அந்த மனத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இலச்சினை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘மதர் இந்தியா’வை (1957) நினைத்துப் பாருங்கள். இலச்சினை மறைந்து கதை தொடங்கும்போது, முதுமையடைந்த நாயகி ராதா மண்கட்டியை ஏந்தியிருக்கிறாள், டிராக்டர் உழுகிறது, கால்வாயைத் திறந்துவைக்க ஊரார் அவளை அழைக்கிறார்கள். அரிவாளில் தொடங்கிய பேச்சு அப்படியே மண்ணில் தொடர்கிறது. ஆஸ்கருக்கும் வெளிநாட்டுத் திரையீட்டுக்கும் பிரதி தயாரானபோது அந்த இலச்சினையை நீக்கிவிட்டார்கள். பனிப்போர்க் காலம்; அமெரிக்கர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற கவலை. அந்தக் கவலை புரிகிறது. ஆனாலும் அங்கே வெட்டுப்பட்டது படத்தின் முதல் வாக்கியம் என்றே நான் சொல்வேன்.

நம் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. 1958இல் ‘நாடோடி மன்னன்’ வந்தபோது, எம்ஜியார் பிக்சர்ஸ் இலச்சினையில் ஓர் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ராஜ்கபூரோ அரசியல் பக்கம் போகவில்லை. ‘பர்சாத்’ (1949) படக் காட்சியொன்றில் ஒரு கையில் வயலினும் மறு கையில் நர்கீஸுமாக நின்ற கோலத்தையே ஆர்.கே. பிலிம்ஸின் அடையாளமாக்கிக்கொண்டார். காதலும் இசையுமே தம் படங்கள் என்று அவர் அறிவித்த விதம் அது.

இன்று ஒரு படத்துக்கு முன் நாலைந்து நிறுவனங்களின் இலச்சினைகள் வரிசையாக வருகின்றன; யார் பணம் போட்டார்கள் என்ற கணக்கு தெரிகிறது, யார் எதை நம்புகிறார்கள் என்பது தெரிவதில்லை.

பழைய படங்களை டிஜிட்டலாக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலச்சினைப் பகுதியை அதன் ஒலியோடு சேர்த்தே காத்துவையுங்கள். பிரதிக்குப் பிரதி அது மாறியிருந்தால், எந்தப் பிரதியில் இருக்கிறது, எதில் இல்லை என்பதைப் பட்டியலில் குறித்துவையுங்கள். புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்ற இடங்களுக்கு நாளை ஆய்வு செய்ய வரும் மாணவர் முதலில் தேடப்போவது அந்தக் குறிப்பைத்தான்.