கழிவுநீர்த் தொட்டி கசிந்தால்: பழுது பார்ப்பதா, புதிதாகக் கட்டுவதா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் சி பிளாக் பொருளாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



பத்து நிமிடம் பேசச் சொல்லித் தலைவர் கேட்டுக்கொண்டார். தலைப்பைச் சொன்னதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "ரிட்டயர் ஆன பிறகு மைக் கிடைச்சுது, பேச வேற விஷயமே கிடைக்கலையா?" என்றார் என் மனைவி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இதைப் பேசுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம் ஐந்து பிளாக்குகளையும் 1994-ல் கட்டியவர் ஒரே பில்டர். சி பிளாக்கில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறதோ அதேதான் உங்கள் பிளாக்கிலும் இருக்கிறது. வயதும் ஒன்றுதான்.

நான் இன்ஜினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 34 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். அதனால் கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பிளாக்கில் மாதத்துக்கு இரண்டு, மூன்று தடவை கழிவுநீர் லாரி வரும். உறிஞ்சு குழி பழையது, சரியாக இழுப்பதில்லை, அதனால் லாரி. போன நிதியாண்டின் பின்பாதியில் லாரி ஒரு தடவைகூட வரவில்லை. செலவு குறைந்துவிட்டது. கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். வங்கியில் கேஷ் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. இரண்டுக்கும் காரணம் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. அந்தப் பாடத்தை இங்கே மறந்துவிட்டேன். லாரி வேண்டாம் என்றால் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் எல்லாச் செடியும் வாடிக் கிடக்க, பின்பக்க மூலையில் மட்டும் சேம்பு பச்சைப் பசேல் என்று நின்றது. தோட்டக்காரரைப் பாராட்டினோம். அதே சமயம் மூன்று வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஒரு வீட்டில் ஓட்டல் சாப்பாடு என்றார்கள், இன்னொரு வீட்டில் மாம்பழச் சூடு என்றார்கள். நான்காவதாக என் பேத்திக்கும் வந்து, ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் குடிநீர் சம்ப்புக்கும் அந்தச் சேம்பு நிற்கும் மூலைக்கும் இடையில் 12 அடிதான்.

தொட்டி கசிகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தேதான் இருக்கும். கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போகும். ஆகவே நீர்மட்டம் அந்தக் குழாய்க்குக் கீழே தானாக இறங்க வழியே இல்லை. இறங்கினால் வேறு எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் இரவு 11 மணிக்கு மாடித் தொட்டியின் வால்வை மூடினோம். நீளமான மூங்கில் குச்சியை விட்டு அளந்து குறித்தோம். காலை 4 மணிக்கு மறுபடி அளந்தால் 2 அங்குலம் இறங்கியிருந்தது. தொட்டியின் பரப்பு 10 சதுர மீட்டர். 2 அங்குலம் என்றால் 5 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 500 லிட்டர். ஐந்து மணி நேரத்தில் 500 என்றால் ஒரு நாளைக்கு 2,400 லிட்டர் மண்ணுக்குள் போகிறது.

இந்தச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். ஆனால் மூடியைத் திறந்து சிறிது நேரம் விட்டு, தள்ளி நின்று அளக்க வேண்டும். முகத்தை உள்ளே நீட்டக் கூடாது. பீடி, சிகரெட், தீக்குச்சி பக்கத்திலேயே வரக் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும்.

அடுத்து சம்ப்பு. கழிவுநீர் வெளியே கசிந்தால் மட்டும் குடிநீரில் கலந்துவிடாது. சம்ப்பிலும் விரிசல் இருக்க வேண்டும். மோட்டார் போட்டுச் சம்ப்பு காலியாகும்போது, வெளியே உள்ள ஈரம் அந்த விரிசல் வழியாக உள்ளே வரும். எங்களுக்கு இரண்டுமே இருந்தது. பரிசோதனைக் குப்பியில் ஊற்றிய தண்ணீர் மறுநாள் கறுத்துவிட்டது. ஆய்வகத்துக்கு அனுப்பினோம், ஈ கோலை கிருமி இருப்பதாக அறிக்கை வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-ன்படி 100 மில்லிலிட்டரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அன்றே சம்ப்பை மூடினோம்.

இப்போது நான் சொல்ல வெட்கப்படும் பகுதிக்கு வருகிறேன்.

மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவர் பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார். ஒருவர் பழுது பார்க்கலாம், ஆனால் 15, 20 நாள் ஆகும் என்றார். மூன்றாமவர், "லாரி விட்டு உறிஞ்சிட்டு, நம்ம பையன் உள்ளே இறங்கிப் பூசிட்டு வந்துடுவான் சார், ரெண்டு நாள் வேலை" என்றார். தொகை மற்றவர்கள் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. பொருளாளர் என்ற முறையில் நான் மூன்றாமவருக்குத்தான் வாதாடினேன். கமிட்டியும் ஒப்புக்கொண்டது.

வேலை நாளன்று காலை லாரி உறிஞ்சி முடித்தது. அந்தப் பையனுக்கு என் சின்ன மகன் வயதுதான் இருக்கும். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். நான் ரசீதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாட்ச்மேன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தார். "இறங்காதே தம்பி. எங்க ஊர்ல இப்படித்தான் ஒருத்தன் இறங்கினான், அவனைத் தூக்கப் போனவனும் போயிட்டான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களாச்சும் சொல்லக் கூடாதா ஐயா?" என்று கேட்டார்.

அவனை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியது வாட்ச்மேன். இதை எழுத்திலும் அப்படியே போடச் சொல்லியிருக்கிறேன்.

அதன் பிறகுதான் படித்தேன். அந்தத் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைவாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை இல்லை, இறங்கலாம்' என்று நினைப்பதுதான் உயிரை வாங்குகிறது. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க்கில் இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. 'அவராகத்தான் இறங்கினார்' என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பையனின் அம்மாவுக்கு நான் எந்த ரசீதைக் காட்டியிருப்பேன்?

மூன்றாமவரை அனுப்பிவிட்டு, இரண்டாமவரைக் கூப்பிட்டோம். பழுதா, புதிதா என்று அவர் பார்த்த விதத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சுவர் நேராக இருந்து, தரை உள்வாங்காமல் இருந்து, கசிவு குழாய் நுழையும் இடத்திலும் பூச்சு விட்ட இடத்திலும் மட்டும் இருந்தால் பழுது பார்த்தால் போதும். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, தரை குறுக்கே பிளந்திருந்தாலோ, வீடுகளின் எண்ணிக்கைக்குத் தொட்டியே போதாது என்றாலோ புதிதாகக் கட்டுவதுதான் வழி. எங்களுக்குச் சுவரும் தரையும் தப்பித்தன. கசிவு, குழாய் நுழையும் இடத்திலும் ஒரு மூலையிலும் இருந்தது.

தப்பிக்காதது மேல்மூடி. நீர்மட்டத்துக்கு மேலே தேங்கும் அந்த வாயு, ஈரமான கான்கிரீட்டில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாக மாறுகிறது. அது சிமென்ட்டைத் தின்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். மேலிருந்து பார்த்தால் டைல்ஸ் போட்டுப் பளிச்சென்று இருக்கும். அடியில் சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று கொட்டியது. அந்த மூடியின் மேல் 20 வருடமாக இரண்டு கார்கள் நின்றுகொண்டிருந்தன. குழந்தைகள் அங்கேதான் கிரிக்கெட் ஆடினார்கள்.

எனவே சுவருக்குப் பழுது, மூடிக்குப் புதுசு என்று முடிவானது. லாரியால் உறிஞ்சி, வெளியிலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, மறுபடி உறிஞ்சினார்கள். மூடியை ஓரத்திலிருந்து துண்டு துண்டாக அறுத்து கிரேனால் தூக்கினார்கள். இரண்டு நாள் வெயிலில் திறந்து கிடந்தது. பிறகு கயிற்றில் வாயு மீட்டரை இறக்கிப் பார்த்து, பெல்ட் மாட்டி, மேலே ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்புறம்தான் கொத்தனார் இறங்கினார். பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, சல்பேட்டைத் தாங்கும் சிமென்ட்டில் இரண்டு முறை பூசி, மேலே எபாக்சி அடித்தார்கள். குழாய்கள் புதிது. மூடிப் பலகைகளை முன்கூட்டியே வார்த்து வைத்திருந்ததால் நாள் மிச்சமானது. கடைசியில் நல்ல தண்ணீரை நிரப்பி, சுவரில் கோடு போட்டு, மூன்று நாள் பார்த்தோம். கோட்டிலேயே நின்றது. சம்ப்புக்கும் இதே சோதனை செய்து, விரிசலை அடைத்து, குளோரின் போட்டுக் கழுவி, இரண்டு தடவை பரிசோதித்த பிறகே திறந்தோம்.

இந்த வேலையைக் கோடையில்தான் செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், அது படகு மாதிரிதான். எங்கள் 20,000 லிட்டர் தொட்டியை அடியிலிருந்து நீர் 20 டன் பலத்தில் மேலே தள்ளும். தரை பிளக்கும்.

மொத்தம் 16 நாள் ஆனது. 24 வீட்டுக் கழிவுநீர் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர். தற்காலிகப் பிளாஸ்டிக் தொட்டிகளில் பிடித்து, தினம் இரண்டு லாரி. கொத்தனார் கூலியைவிட லாரிச் செலவே அதிகம். இதை பட்ஜெட்டில் முதலிலேயே போட்டுவிடுங்கள். வாஷிங் மெஷின் ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு வீட்டில் வளைகாப்பையே மண்டபத்துக்கு மாற்றினார்கள். கார் நிறுத்தும் இடத்தை இழந்த இரண்டு பேருக்கு என்மேல் இன்னும் வருத்தம்தான். ஆனாலும் அந்த மூடிமேல் இனி எந்தக் காரும் நிற்காது.

"பாதாள சாக்கடை வரப்போகிறதே, எதற்கு வீண் செலவு?" என்று கேட்டவர்களும் உண்டு. வரட்டும், நல்லதுதான். அது வரும்வரை என் பேத்தி குடிக்கும் தண்ணீர் அந்தச் சம்ப்பிலிருந்துதான் வருகிறது.

மற்ற நான்கு பிளாக்காருக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். இந்த மாதமே ஒரு இரவு அளந்து பாருங்கள். குடிநீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தொட்டி மேல் நிற்கும் கார்களை இன்றைக்கே நகர்த்துங்கள். லாரி தேவையென்றால் 14420-க்குப் பேசுங்கள், உரிமம் உள்ள வண்டியாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். யாராவது "ரெண்டே நிமிஷம் சார், இறங்கிப் பார்த்துடுறேன்" என்றால், நீங்களே கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

எங்கள் கணக்குப் புத்தகம், கொட்டேஷன், ஆய்வக அறிக்கை எல்லாம் என்னிடம் ஃபைலாக இருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். காபியோடு காட்டுகிறேன். இப்போது நல்ல சம்ப்புத் தண்ணீரில் போட்ட காபி.