லெசோத்தோ நாட்டுத் தையல் பெண்கள்



தென்னாப்பிரிக்கா நாலு பக்கமும் சூழ்ந்த குட்டி நாடு லெசோத்தோ. ஆண்கள் எல்லை தாண்டித் தங்கச் சுரங்க வேலைக்குப் போவார்கள். 1990களில் அது குறைந்தது. பிறகு குடும்பத்தைத் தாங்கியது யாருங்க? நம்ம பிள்ளைகள் திருப்பூர் போகிற மாதிரி, தையல் கம்பெனிக்குப் போன பெண்கள்தான்.

2000-ல் ஆப்பிரிக்கச் சரக்குக்கு வரியில்லை என்று அமெரிக்கா சட்டம் போட்டதும் ஜீன்ஸ் கம்பெனிகள் பெருகின. 2025 ஏப்ரலில் அதே அமெரிக்கா 50 சதவீத வரி என்றது. ஆகஸ்டில் 15 ஆக்கியது. அதற்குள் ஆர்டர் நின்று பலருக்கு வேலை போச்சு. ஜூலையில் அரசே வேலையின்மையைப் பேரிடர் என்று அறிவித்தது. புயல், வெள்ளத்துக்குத்தான் நாம் அப்படிக் கேட்டிருக்கிறோம்!

இனி பக்கத்து நாட்டுக்கும் தைத்து விற்கப் பார்க்கிறார்கள். சின்னச் சின்னத் தையல் கடையாவது வைக்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆனால் கம்பெனியில் ஒருத்தி பாக்கெட் மட்டும் தைப்பாள், இன்னொருத்தி ஜிப் மட்டும். முழு உடுப்பு வெட்டித் தைக்க அவர்கள் முதலிலிருந்து பழக வேண்டும்.