சிங்கராஜாவின் ஓரத்தில் இருப்பதும் நம் சனந்தான்



எனக்கு முன்னால் பேசியவர்கள் மலையகத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார்கள். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் எல்லோருடைய மலையகமும் ஹட்டனில் தொடங்கி நுவரெலியாவில் முடிந்துவிட்டது. கொஞ்சம் தாராள மனசுக்காரர் பதுளை வரைக்கும் போய் வந்தார். தெனியாய என்ற பெயர் இந்த மண்டபத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இறக்குவானை கேட்கவில்லை. சிங்கராஜாவா? அது வெள்ளைக்காரர் குருவி பார்க்கப் போகிற இடம் என்று விட்டுவிட்டோம்.

அந்த மழைக்காட்டின் கிழக்கு ஓரத்தில் தமிழ்ச் சனம் இருக்கிறது ஐயா! தெனியாயவிலிருந்து மேலே ஏறினால் என்சல்வத்தைத் தோட்டம். அந்தப் பக்கம் இறங்கினால் இறக்குவானைத் தோட்டங்கள். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. காடு தொடங்குகிற இடத்தில் ஒரு தொழிலாளர் லயம் இருக்கிறது. அந்த லயத்தில் இருப்பவர்கள் யாருடைய ஆட்கள்?

சிங்கராஜாவில் ஆண்டுக்கு 3,600 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெய்கிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். நமக்கு அது ஒரு கணக்கு. அங்கே அது சம்பளம். எப்படி என்று கேளுங்கள். ஒரு அக்கா கொட்டுகிற மழையில் கொழுந்து பறித்துத் தராசடிக்கு வருகிறாள். காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நிற்காமல் வழிகிறது. சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டுதான் மலைக்குப் போனாள், மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. கொழுந்தை நிறுக்கிறார்கள். சாக்குக்கு ஒரு கழிவு. கொழுந்தில் நிற்கிற தண்ணிக்கு இன்னொரு கழிவு. கழித்துப் பார்த்தால் அன்றைக்குரிய கிலோ வரவில்லை. போடு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்! வானம் பெய்ததற்குத் தண்டம் கட்டுகிறவள் அவள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று வர்த்தமானி அடித்தார்கள். அதன் பிறகும் ஏற்றிவிட்டோம், கூட்டிவிட்டோம் என்று பத்திரிகையில் படம் வருகிறது. பத்திரிகையில் ஏறியது தராசில் ஏறியதா?

இந்தச் சனத்தைப் பார்த்துத்தான், காட்டின் ஓரத்திலுள்ள சிங்களக் கிராமத்து ஏழையையும் சேர்த்துப் பார்த்துத்தான், கொழும்பில் இருந்துகொண்டு சிலர் சொல்கிறார்கள்: காட்டை அழிப்பவர்கள் இவர்கள் என்று. விறகு பொறுக்குகிறவன் அழித்தானா? கித்துள் மரத்தில் ஏறிப் பாணி காய்ச்சுகிறவன் அழித்தானா? வரலாற்றைத் திறப்போம். 1840இல் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்றது. முடி அதைத் துரைமாருக்கு விற்றது. துரைமார் நம் பாட்டன் பூட்டனைக் கப்பலில் ஏற்றிவந்து, கையில் கோடரியைக் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். வெட்டிய மலையில் பாட்டனுக்கு ஒரு பேர்ச்சஸ் காணி கிடைத்ததா? சரி, அது வெள்ளைக்காரன் காலம். சுதந்திர இலங்கை என்ன செய்தது? 1970களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக அரசே இயந்திரங்களைச் சிங்கராஜாவுக்குள் இறக்கியது. எதிர்ப்புக் கிளம்பி 1977இல்தான் நிறுத்தினார்கள். 1978இல் உயிர்க்கோள ஒதுக்கம், 1988இல் உலக மரபுரிமை. மகிழ்ச்சி! ஆனால் மரத்தை அறுத்த அரசாங்கம் ஒரே இரவில் காவலன் ஆகிவிட்டது, ஓரத்தில் கஞ்சி குடித்தவன் திருடன் ஆகிவிட்டான்.

2020 ஆகஸ்டில் சிங்கராஜா ஓரத்துச் சிங்களக் கிராமமான லங்காகமவுக்குப் பாதை வெட்ட இராணுவம் இயந்திரங்களோடு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முகநூல் முழுக்கச் சிங்கராஜாவைக் காப்பாற்றுங்கள் என்ற கோஷம். நம் பிள்ளைகளும் போட்டார்கள். அந்தக் கோஷம் பிழை என்று நான் சொல்லவில்லை. அனுமதியும் ஆய்வும் ஒழுங்காக இல்லாமல் மரபுரிமைக் காட்டுக்குள் மண்வெட்டும் இயந்திரம் போகக்கூடாது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் லங்காகமச் சனம் பல ஆண்டுகளாக, நோயாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம் என்று கத்தியபோது நம் முகநூல் எங்கே போயிருந்தது? அடுத்த வருடம் இறக்குவானைப் பக்கத்து யுவதி ஒருத்தி தொலைக்காட்சிப் போட்டியில் தன் ஊர்க் காடு அழிகிறது என்று வாய் திறந்தாள். அதிகாரிகள் காட்டுக்குப் போகுமுன் அவள் வீட்டுக்குப் போனார்கள், வாக்குமூலம் எடுக்க! காட்டோரத்துக்காரர் பாதை கேட்டால் துரோகி, காட்டைக் காப்பாற்று என்றால் குற்றவாளி.

சிங்களக் கிராமத்துக்காவது சண்டை போட ஒரு பாதை இருந்தது. நம் தோட்டத்துக்கு என்ன இருந்தது? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது. ஒரு மதகு உடைந்தால் போட முடியாது. விளக்கு எரியவிட முடியாது. வாக்கு மட்டும் போடலாம்! 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 31 வருடம், பெரியோர்களே! அந்த 31 வருடமும் கம்பளியைக் கம்பில் கட்டித்தான் பிள்ளைத்தாய்ச்சியை இறக்கினார்கள். சட்டம் மாறிய பிறகாவது எந்தத் தோட்டப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேட்க நம் கட்சிகளில் ஒன்றாவது தெனியாயவுக்குப் போனதா?

இன்னொன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். 1977இலும் 1981இலும் சப்பிரகமுவையில் தோட்டத் தமிழரை அடித்து விரட்டினார்கள். இரத்தினபுரியும் காவத்தையும் எரிந்தன. ஓடியவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அங்கே தமிழ் மண் அவர்களைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிட்டது. ஓடாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று காட்டோரத்தில் இருப்பவர்கள். பக்கத்துப் பாடசாலை சிங்களம், பொலிஸ் சிங்களம், ஆஸ்பத்திரித் துண்டு சிங்களம். தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் பல பிள்ளைகள் மாவட்டத்தையே விட்டுப் போக வேண்டும். போக வசதி இல்லாதவன் சிங்களத்தில் படிக்கிறான். உடனே இங்கே ஒருவர் பெருமூச்சு விடுகிறார்: ஐயோ, தெற்குத் தமிழன் தமிழை மறந்துவிட்டானே! அங்கே பின்வரிசையில் சிரிக்கிற ஐயாவைக் கேட்கிறேன். வெள்ளவத்தையில் உங்கள் பேரன் எந்த மொழியில் படிக்கிறான்? சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலத்துக்கு மாதாமாதம் பணம் கட்டி மறப்பது நாகரிகம், வழியில்லாமல் மறப்பது இழிவா?

2024 நவம்பரில் மாத்தறையிலிருந்து சரோஜா சாவித்திரி போல்ராஜ், இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போனார்கள். இரண்டுமே சிங்கராஜாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டங்கள். அவர்கள் கட்சியோடு எனக்குக் கணக்குகள் உண்டு, அதை வேறு மேடையில் தீர்ப்பேன். ஆனால் அவர்களை அனுப்பியது பெரும்பாலும் சிங்கள வாக்கு. தமிழ்க் கட்சிகள் அந்த மாவட்டங்களை மறந்திருந்த காலத்தில் அது நடந்தது. இதற்கு நாம் வெட்கப்படுவதா, அவர்களை வைவதா?

ஆகையால் இந்தக் கூட்டத்தின் முன் இருக்கிற, நிவாரணப் பொதி கட்டுகிற தீர்மானத்தை நான் ஆதரிக்கவில்லை. பருப்பும் சீனியும் கொண்டுபோய்ப் படம் எடுத்தது போதும். என் திருத்தம் இது. லயத்து மனிதனுக்கு அவன் குடியிருக்கிற காணிக்கு உறுதி கொடு. காட்டை வெட்டாமல், இருக்கிற தோட்டப் பாதையைப் பிரதேச சபை பொறுப்பெடுத்துத் திருத்து. தெனியாயவிலும் இறக்குவானையிலும் தமிழில் முறைப்பாடு எழுத ஆளைப் போடு, தமிழ் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. தண்ணிக்கழிவு எவ்வளவு என்று தொழில் திணைக்களம் தராசடிக்கு வந்து பார்க்கட்டும். அரசிடம் இவ்வளவு. நம்மிடம் ஒன்று: கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை வியாபாரிகள் சேர்ந்து, அந்தப் பிள்ளைகள் கொழும்பில் தங்கித் தமிழில் விஞ்ஞானம் படிக்க ஒரு விடுதி நடத்த வேண்டும். கடைக்குப் பொடியன் வேண்டும், வீட்டுக்கு வேலைப்பிள்ளை வேண்டும் என்றால் அந்தத் தோட்டங்களின் விலாசம் நமக்குத் தெரிகிறது அல்லவா? அதே விலாசத்துக்கு இந்த முறை பாடசாலைக்கு வா என்று கடிதம் போடுவோம். முன்மொழிந்துவிட்டேன், தலைவர் அவர்களே. வழிமொழிய யார் எழுந்திருக்கிறீர்கள்?