முதல் கோடு நடக்கிறவருக்கு!

(தெருவைப் புதிதாகப் போடும்போது முதல் கவனம் யாருக்கு? வாகனத்துக்கா, நடப்பவருக்கா? ‘நடப்பவருக்கே’ என்ற அணியில் பேசியது.)

வாகனத்துக்காக வாதாட வந்துவிட்டு, இந்த மேடைக்கு நடந்தே ஏறிய எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? “ரோடு வண்டிக்குத்தான். நடக்கிறவன் எப்படியாவது போயிடுவான்” என்றார். அந்த ‘எப்படியாவது’ என்கிற ஒரு வார்த்தையிலேதான் ஐயா உயிர் போகுது. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கையைப் பாருங்க. 2022ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதிலே நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். நாள் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 90 பேர்! வண்டி ஓட்டத் தெரியாமல் செத்தவர்கள் இல்லை, வண்டியிலேயே ஏறாதவர்கள். எல்லாம் நம்ம தெருவிலே நடந்ததில்லை, நெடுஞ்சாலையும் சேர்த்துத்தான். ஆனால் நடக்கிறவனுக்கு இடம் ஒதுக்காத பழக்கம் எங்கே ஆரம்பிக்குது? நம்ம வீட்டு வாசலிலே ஆரம்பிக்குது.

ஒரு தெருவை எப்படிப் போடறாங்க? கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டுவாங்க. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டுவாங்க. மூடின மறுமாசம் கேபிளுக்குத் தோண்டுவாங்க. (சிரிப்பு) அப்புறம் ஒரு நாள் ஜல்லி வரும், தார் வரும், ரோலர் வரும். நடுவிலே வண்டிக்கு ரோடு. அதுக்குப் பக்கத்திலே சாக்கடை. கடைசியாக, சுவரோரம் மிச்சம் இருக்கிற இடத்திலே நாலு பேவர் பிளாக்கைப் பதித்து ‘நடைபாதை’ என்று பேர் வைப்பாங்க. அந்த மிச்சத்திலேயும் கரண்ட் கம்பம், டிரான்ஸ்பார்மர், குப்பைத் தொட்டி. நடக்கிறவனுக்கு என்ன மிச்சம்? நடுரோடு! (பலத்த கைதட்டல்)

அதனால்தான் நான் சொல்றேன், கோடு போடும் திசையை மாற்றுங்கள். நடுவிலிருந்து போடாதீர்கள், சுவரிலிருந்து போடுங்கள். முதல் கோடு நடக்கிறவருக்கு. அப்புறம்தான் வண்டிக்கு.

“அம்மா, கேட்க நல்லாத்தான் இருக்கு, இடம் எங்கே?” என்று எதிரணி கேட்கும். கணக்குப் போடுவோம். இந்திய சாலைக் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. நம் நாட்டுச் சாலைகளுக்கு அளவு சொல்வது அதுதான். நடப்பவர்களுக்காக 2012இல் அது வெளியிட்ட வழிகாட்டுதல், நடைபாதையிலே தடங்கல் இல்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. அதாவது 6 அடி. இரண்டு பேர் ஒருவரையொருவர் இடிக்காமல் போகலாம்.

ஒரு 30 அடித் தெருவை எடுத்துக்குங்க. இரண்டு பக்கமும் 6 அடி, மொத்தம் 12. சாக்கடைக்குத் தனி இடம் வேண்டாம். நடைபாதைக்கு அடியிலேயே போகட்டும், மேலே கெட்டியாகச் சிலாப் போடுங்க. மிச்சம் 18 அடி. எதிரும் புதிருமாக இரண்டு கார் போகலாம். வேகமாகப் போக முடியாது, மெதுவாகப் போகலாம். குழந்தைகள் விளையாடுகிற தெருவிலே மெதுவாகப் போனால் யாருக்கு ஐயா நஷ்டம்? (கைதட்டல்)

“15 அடிச் சந்திலே என்ன செய்வீங்க?” நல்ல கேள்வி. அங்கே தனி நடைபாதையே வேண்டாம். ஹாலந்து நாட்டிலே டெல்ஃப்ட் என்று ஓர் ஊர். அங்கே வீட்டுத் தெருக்களை முற்றம் மாதிரி அமைத்தார்கள். மேடு பள்ளம் இல்லை, தெரு முழுக்க நடக்கிறவருக்கு. வண்டி வந்தால் ஊர்ந்துதான் போகணும். 1976இல் அதற்குச் சட்டமே வந்தது. ‘வூனெர்ஃப்’ என்று பெயர். குடியிருப்பு முற்றம் என்று சொல்லலாம். நமக்கென்ன இது புதுசா? வாசல் தெளித்துக் கோலம் போடுகிற ஊரிலே தெரு என்பது வீட்டின் முற்றம்தானே! கோலத்தின் மேலே வண்டியை ஏற்றுகிறவனைத் திட்டாத தாய் இந்த அரங்கத்திலே உண்டா? (சிரிப்பு, கைதட்டல்)

அடுத்து உயரம். பல ஊர்களிலே நடைபாதையைப் பார்த்தால், அது நடக்கிறதுக்கா, மலையேறப் பழகுகிறதுக்கா என்று சந்தேகம் வருது. ஓரடி உயரம் ஏற்றிவிட்டால் முழங்கால் வலிக்கிற பாட்டி எப்படி ஏறுவாள்? அதே வழிகாட்டுதல், உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்கிறது. 6 அங்குலம். வீட்டுப் படி ஒன்றின் உயரம். முனையிலே சாய்வாக இறக்கணும். ஓர் அங்குலம் ஏற 12 அங்குல நீளம் என்பது சாய்வுக்குக் கணக்கு; 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம். அப்படிச் செய்தால் சக்கர நாற்காலி ஏறும், குழந்தையின் தள்ளுவண்டி ஏறும், பாட்டியும் ஏறுவாள்.

இன்னொன்று, தெருவின் உயரம். பழைய ரோட்டின் மேலேயே புது ரோட்டைப் போட்டுப் போட்டு, தெரு மேலே போச்சு, வீடு கீழே போச்சு. ஒரு காலத்திலே படியேறி வீட்டுக்குள் போனோம். இப்போ படியிறங்கிப் போகிறோம். மழை பெய்தால் தண்ணீர் நமக்கு முன்னாலேயே வீட்டுக்குள்ளே போயிடுது! (சிரிப்பு) 2021 மே மாதத்திலே, அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள், பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போடணும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். சுரண்டாமல் போட்டால் நடைபாதையும் ரோட்டோடு ரோடாக முழுகிப் போகும். உங்கள் தெருவிலே தார் வண்டி வந்து நிற்கும்போது, “சுரண்டிட்டீங்களா?” என்று வாசலிலே நின்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நடுவர் அவர்களே, அதிகாரியை மட்டும் சொல்லிவிட்டு நான் இறங்கிப் போனால் அது நியாயமில்லை. நடைபாதையைத் தின்னுவதிலே நமக்கும் பங்கு உண்டு. வீடு நம்ம மனையிலே இருக்கு. அதுக்குப் படி எங்கே இருக்கு? தெருவிலே! கார் ஏற்றச் சறுக்கல் எங்கே? தெருவிலே! ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் காருக்காக நடைபாதையை வெட்டி இறக்கினால், அது ஒட்டகத்து முதுகு மாதிரி ஏறி இறங்கும். நடக்கிறவன் சலித்துப்போய் ரோட்டிலே இறங்குவான். கார் ஏறும் சாய்வு ரோட்டோரத்திலே சின்னதாக இருக்கட்டும். நடைபாதை நேராகப் போகட்டும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போக எடுக்கிற கார் கொஞ்சம் குலுங்கினால் பரவாயில்லை; தினம் நாலு தடவை நடக்கிற மாமியார் விழக்கூடாது. (கைதட்டல்) மாமியார்மேல் எனக்கு இவ்வளவு அக்கறையா என்று என் வீட்டுக்காரர் அங்கே வாயைப் பிளக்கிறார்! (பலத்த சிரிப்பு)

இது யாரோ போடுகிற பிச்சை இல்லை ஐயா. 2025 மே 14ஆம் நாள் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: தடங்கல் இல்லாத நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகிற வாழும் உரிமையிலே சேர்ந்தது, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அது இருக்கணும். சென்னை மாநகராட்சி 2014லேயே, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் தியாகராய நகர் பாண்டி பஜாரிலே அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. அங்கே குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். தி.நகருக்கு ஒரு நியாயம், திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவிலே இருக்கிற கீரனூருக்கு ஒரு நியாயமா?

எதிரணியிலே ஒருவர், “கிராமத்து ஜனங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?” என்றார். தம்பி, நீங்க நிற்கிறது புதுக்கோட்டை மாவட்டத்து மண். தொண்ணூறுகளின் தொடக்கத்திலே, ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்திலே எழுத்தைப் படித்த கையோடு சைக்கிளையும் படித்தவர்கள் இந்த மாவட்டத்துப் பெண்கள். “பொம்பளைக்கு எதுக்குச் சைக்கிள்?” என்று கேட்டவர்கள் முன்னாலேயே மணியடித்துக்கொண்டு போனார்கள். (பலத்த கைதட்டல்) பங்குனியிலே நார்த்தாமலை மாரியம்மனைப் பார்க்க நடந்தே போகிற ஜனங்கள் நாங்கள். நடக்கிறவளுக்குத் தெரு எதுக்கு என்று எங்களிடமா கேட்கிறீர்கள்?

முடிவாக ஒன்று. ஒரு தெருவை முழுசாகத் தோண்டிப் போடுவது அடிக்கடி வருகிற காரியமில்லை. அந்த நாளிலே கோட்டைத் தவறாகப் போட்டால், இன்று தவழ்கிற குழந்தை பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் நடுரோட்டிலேதான் நடக்கும். அதனாலே, தோண்டுகிறதுக்கு முன்னாலே வரைபடத்தைக் கேளுங்கள். அதிலே வண்டிக்கு எத்தனை அடி என்று அப்புறம் பார்க்கலாம். நடக்கிறவருக்கு எத்தனை அடி என்று முதலில் பாருங்கள். அந்த எண் இல்லாவிட்டால், கையெழுத்துப் போடுமுன் கேள்வி கேளுங்கள்.

நடக்கிறவருக்குக் கொடுப்பது மிச்ச இடமல்ல, முதலிடம் என்று நல்ல தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)